விசா, ஒப்பந்தம், அந்நாட்டுச் சட்டம்: வெளிநாட்டு வேலையில் உரிமை எங்கிருந்து வருகிறது?

கிழக்கிலங்கையில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களிலும், வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேசாத வீடு அரிது. ஒருவரின் மகன் கட்டாரில் இருக்கிறார், இன்னொருவரின் மகள் குவைத்தில் இருக்கிறார், மூன்றாமவர் சவூதியில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்து ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார். இவ்வளவு அனுபவம் ஊரிலேயே இருந்தும், புதிதாகப் புறப்படுகிறவரின் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள்தான். "அங்க போனா கபீல் சொல்றதுதான் சட்டம்" என்பது ஒன்று; கபீல் என்பவர் அங்கே தொழிலாளிக்குப் பொறுப்பேற்கும் முதலாளி. "ஏதும் நடந்தா எம்பசி பார்த்துக்கொள்ளும்" என்பது மற்றது. முதலாவதை நம்பியவர் சட்டப்படி கிடைக்க வேண்டியதைக்கூடக் கேட்காமல் திரும்பி வருகிறார். இரண்டாவதை நம்பியவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் தூதரக வாசலில் நிற்கிறார்.

முதன்முறையாகப் போகிறவருக்கும், கடன்பட்டு அவரை அனுப்பும் வீட்டாருக்கும் இந்த விளக்கம். வேலை செய்பவரின் உரிமையும் கடமையும் மூன்று இடங்களில் எழுதப்பட்டுள்ளன: போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தில், விசாவில் குறித்த தொழிலில், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில். இந்த மூன்றையும் வாசிக்கத் தெரிந்தால் ஊரில் சொல்லப்படும் கதைகளில் எது சரி, எது பிழை என்பதை அவரவரே பிரித்தறியலாம்.

வேறு வட்டையில் வயல் செய்பவர்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல் செய்யும் குடும்பத்தினருக்கு இதன் அடிப்படை புதிதல்ல. சம்மாந்துறையைச் சேர்ந்த ஒருவர், தன் ஊருக்கு அப்பால் வேறொரு வட்டையில், அதாவது வேறொரு வயற்பரப்பில், போடியார் எனப்படும் நிலச் சொந்தக்காரர் ஒருவரின் வயலைக் குத்தகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டையில் விதைப்பு எப்போது, நீர் எந்த முறைப்படி, மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அங்குள்ள ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானை அந்த முடிவையே நடைமுறைப்படுத்துவார். "எங்கள் வட்டையில் இப்படி இல்லையே" என்று வந்தவர் சொன்னால் அது எடுபடாது. ஆனால் போடியாரும் அந்த முடிவுக்கு மேலானவர் அல்லர். குத்தகை எத்தனை மூட்டை என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சைக் கொண்டு வட்டையின் நீர் முறையை மாற்ற முடியாது.

வெளிநாட்டு வேலையிலும் ஏற்பாடு இதுவே. வேலை நடக்கும் நாட்டின் தொழிற்சட்டம் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் பொதுவானது. ஒப்பந்தம் என்பது இருவரும் சம்பளம், வேலை, காலம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு. சட்டம் கொடுப்பதைவிடக் கூடுதலாக ஒப்பந்தம் கொடுக்கலாம். குறைத்து எழுதினால் அந்த வரி செல்லாது. இலங்கையில் தனியார் துறை ஊழியருக்கு உள்ள ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் ரியாத்திலோ தோஹாவிலோ உள்ள முதலாளியைக் கட்டுப்படுத்தாது.

அப்படியானால் இலங்கைச் சட்டத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். புறப்படும் வரையான பகுதி முழுவதும் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. ஆட்களைத் திரட்டும் ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும், போகிறவரைப் பதிவு செய்வதும், ஏஜென்சிக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிப்பதும் அதன் பொறுப்பு. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்த வேலைக்கு ஆள் எடுக்கவும் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஊருக்குள் வீடு வீடாக வந்து கடவுச்சீட்டுச் சேர்ப்பவரின் பெயரில் அப்படியொரு பத்திரம் கிடையாது. அவர் கையில் கொடுத்த காசுக்கு ஏஜென்சியின் பெயரில் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், பிறகு அந்தக் காசை நிரூபிப்பது மிகக் கடினம். அனுமதி பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் உள்ளது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பிரதேச செயலகங்களில் இதற்கென உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

ஐக்கிய நாடுகளின் புலம்பெயர் தொழிலாளர் சமவாயத்தைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். 1990 இல் வந்த அந்தச் சமவாயத்தை இலங்கை 1996 இல் ஏற்றுக்கொண்டது உண்மை. வளைகுடா நாடுகள் எவையும் அதில் இணையவில்லை. ஆகவே குவைத் நீதிமன்றத்தில் அதைக் காட்டி ஒரு ரியாலும் பெற முடியாது, தினாரும் பெற முடியாது.

சுருக்கமாக: ஏஜென்சியோடு வரும் பிரச்சினைக்கு இலங்கைச் சட்டம், முதலாளியோடு வரும் பிரச்சினைக்கு அந்த நாட்டுச் சட்டம்.

ஒரே நாட்டுக்குள் இரண்டு சட்டம்

அதிகம் பேசப்படாததும் அதிக இழப்பை உண்டாக்குவதும் இந்தப் பகுதிதான். பெரும்பாலான வளைகுடா நாடுகளில் "தொழிற்சட்டம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது கம்பனிகளிலும் கடைகளிலும் வேலை செய்வோருக்கானது. ஒரு வீட்டாரின் கீழ் அந்த வீட்டுக்காக வேலை செய்பவர் அதிலிருந்து விலக்கப்பட்டு, வீட்டுப் பணியாளர்களுக்கான தனிச் சட்டத்தின் கீழ் வருகிறார். பணிப்பெண்களுக்கு இது ஓரளவு தெரியும். ஹவுஸ் டிரைவராகப் போகும் ஆண்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. "நான் டிரைவர், வீட்டு வேலைக்காரன் இல்லை" என்று அவர் நினைக்கிறார்; சட்டத்தின் கண்ணில் வீட்டுச் சாரதியும், தோட்டக்காரரும், வீட்டுக் காவலாளியும், சமையற்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். குவைத்தில் இதை ஊரவர்கள் விசா இலக்கத்தாலேயே சொல்வதுண்டு: கம்பனிக்கு 18, வீட்டுக்கு 20.

இந்த வேறுபாடு காசில் எவ்வளவு என்பதைச் சவூதியை வைத்துப் பார்ப்போம். பணிக்கொடை என்பது வேலை முடிந்து போகும்போது சேவைக்காலத்துக்கு ஏற்ப முதலாளி கொடுக்க வேண்டிய தொகை. நம்மவர்கள் சர்வீஸ் காசு என்பது இதையே. சவூதித் தொழிற்சட்டப்படி முதல் 5 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளமும் சேர வேண்டும். 2,000 ரியால் சம்பளத்தில் ஒரு கம்பனியில் 4 ஆண்டுகள் வேலை செய்து ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறவருக்கு 4,000 ரியால் வரும். அதே 2,000 ரியாலுக்கு அதே 4 ஆண்டுகள் ஒரு வீட்டில் கார் ஓட்டியவருக்கு, வீட்டுப் பணியாளர் விதிகளின்படி வருவது ஒரு மாதச் சம்பளம், அதாவது 2,000 ரியால். கம்பனியில் இருந்தவர் ஒப்பந்தம் முடியாமல் தாமாக இராஜினாமாச் செய்து வந்திருந்தால் அவருக்கும் முழுத் தொகை இல்லை. 2 முதல் 5 ஆண்டு வரையான சேவைக்கு மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1,333 ரியால்தான். ஊருக்கு வந்த மூவரும் மூன்று தொகையைச் சொல்வார்கள். மூவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

மற்ற நாடுகளில் வீட்டுப் பணியாளர் சட்டம் எப்போதும் இவ்வளவு மெலிந்ததாக இருப்பதில்லை. குவைத்தின் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தருகிறது; வார விடுமுறையும் ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடனான விடுமுறையும் அதில் உண்டு. கட்டாரின் 2017 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்குவதைத் தடுக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், ஆண்டுக்குக் குறைந்தது 3 வாரச் சம்பளத்துக்கு ஈடான பணிக்கொடையும் தர வேண்டும் என்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் 2022 இல் இதற்கென ஒரு புதிய சட்டம் வந்தது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு விடுமுறை நாளே கிடையாது என்று சொல்லி அனுப்பும் ஏஜென்சிக்காரர், தெரிந்தோ தெரியாமலோ பிழையைச் சொல்கிறார். மூடிய வீட்டுக்குள் அந்த நாளைக் கேட்டுப் பெறுவது எளிதல்ல என்பது வேறு விடயம். அதற்காக உரிமையே இல்லை என்றாகிவிடாது.

கபீல் யார்?

கபாலா என்பது வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் அந்த நாட்டில் தங்குவதற்கு உள்ளூர் முதலாளி ஒருவர் பொறுப்பேற்கும் முறை. பொறுப்பேற்பவர் கபீல். தொழிலாளியின் வதிவிட அட்டை, அதாவது இக்காமா, அவருடைய பெயரோடு இணைக்கப்பட்டிருக்கும். வேலையும் தங்கும் உரிமையும் ஒரே ஆளின் கையில் இருப்பதால்தான் கபீல் சொல்வதே சட்டம் என்ற எண்ணம் வேரூன்றியது. அந்த எண்ணத்துக்கு நீண்ட காலம் நியாயமான காரணமும் இருந்தது.

கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பிடி சில இடங்களில் தளர்ந்திருக்கிறது. கட்டார் 2020 இல் கொண்டுவந்த சட்டத்திருத்தங்களால், தொழிலாளி ஒருவர் உரிய அறிவித்தல் கொடுத்துவிட்டு, பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேறு முதலாளியிடம் மாறலாம். வீட்டுப் பணியாளருக்கும் இது பொருந்தும். 2 ஆண்டு வரை வேலை செய்தவர் ஒரு மாதத்துக்கு முன்பும், அதற்கு மேல் வேலை செய்தவர் 2 மாதத்துக்கு முன்பும் அறிவிக்க வேண்டும். சவூதி 2021 மார்ச் மாதத்திலிருந்து கம்பனித் தொழிலாளர்களுக்கு, நிபந்தனைகளோடு, வேலை மாறவும் கபீலின் சம்மதமின்றி வெளியேறவும் வழி திறந்தது. அந்தச் சலுகைப் பட்டியலில் வீட்டுச் சாரதியும் பணிப்பெண்ணும் சேர்க்கப்படவில்லை. விசாவில் எழுதியுள்ள தொழில் எவ்வளவு முக்கியம் என்பது இங்கே மறுபடியும் தெரிகிறது.

கடவுச்சீட்டு யாருக்குரியது என்பதில் குழப்பமே வேண்டாம்: அது வைத்திருப்பவரின் ஆவணம். தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்துவைப்பதை எமிரேட்ஸின் தொழிற்சட்டம் தடுக்கிறது. கட்டாரின் 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், வதிவிட அனுமதி வேலைகள் முடிந்ததும் முதலாளி கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. மீறினால் 25,000 ரியால் வரை தண்டப்பணம். பாதுகாப்பாக வைத்திருங்கள் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் மட்டும் அங்கே விலக்கு உண்டு. வாசிக்காமல் கையெழுத்திட்ட பத்திரங்களுக்குள் அப்படியொரு கடிதமும் இருந்துவிடக் கூடும்.

சுருக்கமாக: கபீல் பொறுப்பாளர், சட்டத்தை எழுதுபவர் அல்லர். ஆனால் அவரை விட்டு விலகும் வழி எவ்வளவு அகலமானது என்பது நாட்டையும் விசாவின் தொழிலையும் பொறுத்தது.

ப்ரீ விசா என்று ஒன்று உண்டா?

ஊரில் இலட்சக்கணக்கில் விலை பேசப்படும் சரக்கு இது. "கபீலுக்கு மாதாமாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு விரும்பிய இடத்தில் உழைக்கலாம்" என்பதே விற்பவரின் விளக்கம். எந்த வளைகுடா நாட்டின் குடிவரவுச் சட்டத்திலும் அப்படியொரு விசா வகை இல்லை. விற்கப்படுவது சாதாரண வேலை விசாதான். பெரும்பாலும் வீட்டுச் சாரதி அல்லது கூலியாள் விசா. அதில் பெயருள்ள கபீலிடம் அவர் ஒரு நாளும் வேலை செய்வதில்லை என்பதும், அதற்காகவே அவர் அந்தக் கபீலுக்குக் காசு கட்டுகிறார் என்பதும் மட்டுமே வேறுபாடு.

இதன் பின்னுள்ள பொறியை ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். சவூதித் தொழிற்சட்டத்தின் 39 ஆவது உறுப்புரை, முதலாளி தன் தொழிலாளியை வேறொருவரிடம் வேலை செய்ய விடுவதையும், தொழிலாளி வேறொருவருக்காகவோ சொந்தக் கணக்கிலோ உழைப்பதையும் தடுக்கிறது. ஆகவே ப்ரீ விசாக்காரர் வேலைக்கு இறங்கிய முதல் நாளிலேயே மீறலுக்குள் போய்விடுகிறார். உண்மையில் வேலை கொடுப்பவரோடு அவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லை; எனவே சம்பளம் நின்றால் தொழில் அமைச்சில் யாருக்கு எதிராக முறையிடுவது என்பதே தெரியாது. கபீலுக்கு எதிராக முறையிட்டால் முதலில் வெளிவருவது முறையிடுபவரின் மீறல்தான். கபீல் தொகையைக் கூட்டிக் கேட்டு, அது கிடைக்காவிட்டால், இவர் வேலைக்கு வரவில்லை என்று பதிந்துவிடலாம். இந்தப் பதிவை அங்குள்ள நம்மவர்கள் ஹுரூப் என்பார்கள்; அது விழுந்தவர் தங்கும் உரிமையை இழந்து, பிடிபட்டால் நாடு கடத்தப்படும் நிலைக்கு வருகிறார்.

ப்ரீ விசாவில் போய் நன்றாக உழைத்து வீடு கட்டியவர்கள் ஊரில் இருக்கிறார்கள்; அதை மறுப்பதற்கில்லை. கபீல் நல்லவராக இருந்ததும், பரிசோதனை நடக்காததும் அவர்களுக்கு வாய்த்தன. இரண்டில் ஒன்று தவறினால் எடுத்துக்காட்ட அவர்களிடம் எந்த உரிமையும் இருந்திருக்காது. காணியை ஈடுவைத்துப் போகிறவர் இந்த நிலையை அறிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்ற பேச்சும் இதைச் சார்ந்ததே. மாற்றம் நடக்கும்வரை அவர் அந்த நாட்டில் தொழிலாளியே அல்லர், சுற்றுலாப் பயணி. அந்தக் காலத்தில் செய்த வேலைக்குச் சம்பளம் தராவிட்டால் தொழிற்சட்டம் துணைக்கு வருவது மிகவும் கடினம். பணியகத்தில் பதியாமல் போயிருந்தால் பதிவோடு சேர்ந்த காப்புறுதியும் இல்லை.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் மொழி. தமிழிலோ ஆங்கிலத்திலோ பிரதி இருந்தாலும், சவூதியிலும் எமிரேட்ஸிலும் வழக்கு என்று வந்தால் அரபுப் பிரதியே மேலோங்கும். கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு சம்பளமும், அங்கே இறங்கியதும் நீட்டப்படும் அரபுத் தாளில் வேறொரு சம்பளமும் இருப்பது பழைய தந்திரம். இரண்டாவதில் கையெழுத்திட்டால் அதுவே புதிய உடன்பாடாகக் காட்டப்படும். ஆகவே முதல் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வீட்டிலும் ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போவது அவசியம். நம் பகுதியில் இதற்கு ஒரு வசதியும் உண்டு: அரபு வாசிக்கத் தெரிந்த மௌலவிமார் இல்லாத ஊர் குறைவு. விமானம் ஏறும் முன் அந்தத் தாளை ஒருவரிடம் காட்டிச் சம்பளம், தொழில், காலம் ஆகிய மூன்று வரிகளை மட்டுமாவது வாசித்துக் கேட்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்து, சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. அடிப்படைச் சம்பளம் என்பது படிகள் (அலவன்ஸ்) சேராத தொகை. எமிரேட்ஸில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது: ஓராண்டு முடித்தவருக்கு முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள். 1,500 திர்ஹாம் முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் 4 ஆண்டுக்கு 4,200 திர்ஹாம் வரும். அதே 1,500 திர்ஹாமை 800 அடிப்படை, 700 படி என்று பிரித்து எழுதியிருந்தால் 2,240 திர்ஹாம்தான். மாதாமாதம் கைக்கு வந்த காசு இரண்டிலும் ஒன்றே என்பதால் இந்தப் பிரிப்பு இறுதி நாள்வரை கண்ணில் படாது.

தகுதிகாண் காலம் என்பது இரு தரப்பும் ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்கும் தொடக்கக் காலம். எமிரேட்ஸில் இது 6 மாதத்துக்கு மேல் போக முடியாது. அந்தக் காலத்திலும் சம்பளம் முழுமையாக உரியது. "முதல் மூன்று மாதச் சம்பளம் ஏஜென்சிக்கு" என்ற பேச்சு வந்தால், அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ அறவிடக் கூடாது என்று எமிரேட்ஸின் 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சவூதித் தொழிற்சட்டத்தின் 40 ஆவது உறுப்புரையும், கம்பனித் தொழிலாளியை வரவழைக்கும் செலவு, இக்காமாக் கட்டணம், அதைப் புதுப்பிக்கும் கட்டணம், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை முதலாளியின் மீதே வைக்கிறது.

ஒப்பந்தத்தில் எழுதப்படும் விவரங்கள் உண்மையாக இருப்பது போகிறவரின் பொறுப்பு. வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுப்பது கிழக்கில் ஒரு காலத்தில் சின்ன விடயமாகக் கருதப்பட்டது. அதன் விலையை மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வழக்கு காட்டியது. பிறப்புச் சான்றிதழின்படி 1988 இல் பிறந்தவருக்கு 1982 இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டிருந்தது. 2005 இல் சவூதியில் கைதானபோது அவர் சிறுமி என்ற வாதம் அந்தக் கடவுச்சீட்டின் முன் நிற்கவில்லை. 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நேரம், வெயில், சம்பள நாள்

கம்பனித் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்பது சவூதியிலும் எமிரேட்ஸிலும் சட்ட வரம்பு. றமழானில் சவூதி முஸ்லிம் தொழிலாளருக்கு அதை நாளுக்கு 6 மணித்தியாலமாகக் குறைக்கிறது. மேலதிக நேரத்துக்குக் கூடுதல் கொடுப்பனவு உண்டு. சவூதியில் மணிநேரச் சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தின் 50 வீதம் சேரும். கோடையில் நண்பகல் வெயிலில் வெளிவேலை வாங்கக் கூடாது என்ற தடையும் இருக்கிறது: கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை.

கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தங்குமிடமும் உணவும் தராவிட்டால் முறையே 500, 300 ரியால் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சம்பளத்தை வங்கி வழியாகச் செலுத்தி அரசு கண்காணிக்கும் ஏற்பாட்டுக்குச் சம்பளப் பாதுகாப்பு முறை என்று பெயர். இதன் பயன் தொழிலாளிக்கே அதிகம்: சம்பளம் வராத மாதம் வங்கிக் கணக்கில் தானாகவே பதிவாகிறது. ஏ.டி.எம். அட்டையை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவைப்பவர் தன் சான்றைத் தானே அழிக்கிறார்.

வளைகுடாவுக்கு வெளியே அளவுகோல் மாறும். தென்கொரியாவுக்கு அரசுவழித் தொழில் அனுமதி முறையில் போகிறவருக்கு அந்த நாட்டவருக்குரிய அதே குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தும். வேலைத்தளம் மாறும் தடவைக்கு அங்கும் வரம்பு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

கடமைகள்

உரிமையைப் பற்றிய பேச்சில் இந்தப் பகுதி சுருங்கிப்போகிறது. விசாவில் உள்ள வேலையை, விசாவில் உள்ளவரிடம் செய்வது முதற்கடமை. விலக வேண்டுமானால் ஒப்பந்தத்தில் உள்ள அறிவித்தல் காலத்தைக் கொடுத்து எழுத்தில் விலக வேண்டும். விடுமுறையில் வந்து திரும்பாமல் நின்றுவிடுவது சட்டத்தின் கண்ணில் விலகல் அல்ல, ஒப்பந்த மீறல். சவூதியிலும் எமிரேட்ஸிலும் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளம் வராததற்காகக் கூட்டமாக வேலையை நிறுத்தி வீதிக்கு வருவது இங்கே போலத் தொழிற்பிணக்காகப் பார்க்கப்படாது, கைதில் முடியலாம். அதே கோரிக்கையைத் தொழில் அமைச்சில் ஒவ்வொருவரும் முறைப்பாடாகக் கொடுத்தால் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கும்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் பொதிகளும் ஒரு பொறுப்பு. இங்கே மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலிமாத்திரைகளும் தூக்கமாத்திரைகளும் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். வைத்தியரின் துண்டும் அங்குள்ள அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்காகலாம். இன்னொருவர் கொடுத்தனுப்பும் பொதியைத் திறந்து பார்க்காமல் எடுத்துப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. அனுமதியின்றி மற்றவரைப் படமெடுத்து முகநூலிலோ டிக்டொக்கிலோ போடுவதும் அங்கே குற்றமாகும். வங்கிக் கடனைக் கட்டாமல் விமானமேற முயல்பவர் பயணத்தடையோடு விமான நிலையத்திலேயே நிறுத்தப்படலாம்.

பிணக்கு வந்தால் எந்தப் படி முதலில்?

தூதரகத்தால் எதைச் செய்ய முடியும் என்பதில் தெளிவு வேண்டும். அதன் தொழிலாளர் பிரிவு முதலாளியோடு பேசலாம், முறைப்பாட்டை எழுத உதவலாம், ஆபத்தில் வந்த பெண்களைப் பாதுகாப்பு இல்லத்தில் வைத்திருக்கலாம், பயண ஆவணம் கொடுக்கலாம். முதலாளியிடமிருந்து சம்பளத்தை அறவிட்டுக் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் அந்த நாட்டின் தொழில் அமைச்சுக்கும் தொழில் நீதிமன்றத்துக்குமே உண்டு. வழக்கமான ஒழுங்கு இதுதான்: முதலாளிக்கு எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாக என்றாலும், கோரிக்கை, பிறகு தொழில் அமைச்சில் முறைப்பாடு, அங்கே இருதரப்பையும் அழைத்துச் சமரச முயற்சி, அது முறிந்தால் நீதிமன்றம். எமிரேட்ஸில் 100,000 திர்ஹாமுக்கு உட்பட்ட தொழிற் கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை.

அடி, பாலியல் துன்புறுத்தல், பட்டினி என்று உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து இருந்தால் படிகளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வெளியேறி அருகிலுள்ள பொலிஸுக்கோ தூதரகத்துக்கோ போவதே முதல் வேலை. வெறும் சம்பளப் பிணக்காக இருந்தால் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டே வேலையிடத்தை விட்டு வெளியேற வேண்டும். முறைப்பாட்டின் திகதி முந்தியதாக இருந்தால், பின்னர் வரும் ஹுரூப் பதிவு பழிவாங்கலாகப் போடப்பட்டது என்று வாதிட ஒரு சான்று கையில் இருக்கும். ஓடிய பிறகு முறையிடுபவருக்கு அந்தச் சான்று இல்லை.

ஊருக்குத் திரும்பிய பின் தொடங்கலாம் என்று விடுவதுதான் பெரும்பாலான கோரிக்கைகளை அழிக்கிறது. சவூதியில் வேலை உறவு முடிந்து 12 மாதம் கடந்தால் தொழில் நீதிமன்றம் வழக்கை ஏற்காது; குவைத்திலும் கட்டாரிலும் காலம் ஓராண்டுதான். இங்கிருந்தபடி வழக்கை நடத்த அங்குள்ள ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி, அதை வெளிவிவகார அமைச்சிலும் அந்த நாட்டுத் தூதரகத்திலும் உறுதிப்படுத்த வேண்டும்; அதற்கே மாதங்கள் ஓடிவிடும். அதனால்தான் கடைசி நாளில் நீட்டப்படும் தாளுக்கு இவ்வளவு பெறுமதி. "எனக்குரிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன்" என்று அரபியில் எழுதிய அந்த இறுதிக் கணக்கில், காசு கைக்கோ வங்கிக்கோ வந்து சேரும் முன் கையெழுத்திடக் கூடாது. டிக்கெட் போட்டாயிற்று, விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினால், பெற்ற தொகை இவ்வளவு, பெறாதது இவ்வளவு என்று கையெழுத்துக்கு மேலே தமிழிலாவது எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.